இந்தியாவில் சமூகப்பணிக் கல்வி

இந்தியாவில் சமூகப்பணிக் கல்வி என்பது வறுமை, நோய், குடும்பச் சிக்கல், தொழிற்பூசல் முதலியவற்றால் இடர்ப்படும் தனி மனிதர்களுடனும் குழுக்களுடனும் சமுதாயங்களுடனும் தொழில்முறையில் பணியாற்றுவதற்குப் பயிற்சி அளிக்கும் உயர்கல்வித் துறையாகும். இளநிலையில் பி.எஸ்.டபிள்யூ., முதுநிலையில் எம்.எஸ்.டபிள்யூ. ஆகிய பட்டங்கள் வழங்கப்படுகின்றன. இவற்றுள் முதுநிலைப் பட்டமே இத்துறையின் அடிப்படைத் தகுதியாகப் பெரிதும் கருதப்படுகிறது. எந்தப் பாடத்தில் இளநிலைப் பட்டம் பெற்றவரும் பெரும்பாலான கல்லூரிகளில் இதில் சேரலாம்.

சமூகவியல், உளவியல், பொருளியல், மானிடவியல் ஆகியவற்றிலிருந்து இத்துறை தன் அறிவைப் பெறுகிறது. எனினும் நோக்கில் அவற்றிலிருந்து வேறுபடுகிறது. ஓர் ஊரில் பிள்ளைகள் ஏன் பள்ளியை விட்டு நிற்கிறார்கள் என்று கண்டறிவது சமூகவியலாளரின் பணி. அவ்வாறு நின்ற ஒரு பிள்ளையை மீண்டும் பள்ளியில் சேர்ப்பதற்கு யாரிடம் பேசவேண்டும், எந்தத் திட்டத்தின் கீழ் உதவி கோரவேண்டும், பெற்றோரின் தயக்கம் எதனால் ஏற்பட்டது என்பனவற்றை ஆராய்ந்து செயற்படுவது சமூகப்பணியாளரின் பணி.

தமிழில் "சமூக சேவை", "சமூகப்பணி" என்னும் சொற்கள் ஒரே பொருளில் வழங்கிவருகின்றன. இரத்த தான முகாம் நடத்துபவரும் சமூக சேவகர் என்றே அழைக்கப்படுகிறார். இது சொல் பற்றிய குழப்பம் மட்டுமன்று. கீழே குறிப்பிடப்படுவது போல, பட்டம் பெற்றவர்களின் வேலைவாய்ப்பையும் இது பாதிக்கிறது.

வரலாறு

சமூகப்பணிக்கான முறையான பயிற்சி 1898ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஒரு கோடைக்கால வகுப்பாகத் தொடங்கியது. 1899இல் ஆம்ஸ்டர்டாமில் இதற்கென ஒரு பள்ளி நிறுவப்பட்டது. இந்தியாவில் முதற் கல்வி நிறுவனம் 1936ஆம் ஆண்டு பம்பாயில் சர் தொராப்ஜி டாட்டா பெயரில் தொடங்கப்பட்டது. பம்பாயின் நாக்பாடா பகுதியில் சமுதாய இல்லம் ஒன்றை நடத்திவந்த அமெரிக்கச் சமயப் பணியாளர் கிளிஃபர்டு மான்சார்ட் இதன் முதல் இயக்குநராவார். அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்ற ஜே. எம். குமரப்பா, காந்தியப் பொருளியலாளரான ஜே. சி. குமரப்பாவின் உடன்பிறந்தவர். 1944இல் இந்நிறுவனம் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1964இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது.

தமிழகத்தில் 1952ஆம் ஆண்டில் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் சென்னை சமூகப்பணிப் பள்ளி தொடங்கப்பட்டது. பின்னர் சென்னை இலயோலா, ஸ்டெல்லா மேரிஸ் கல்லூரிகள், கோவை பூ. சா. கோ. கலை அறிவியல் கல்லூரி, மதுரை சமூக அறிவியல் நிறுவனம் முதலியவற்றிலும் இப்படிப்பு இடம்பெற்றது.

இப்படிப்பின் வளர்ச்சிக்கு ஈகை உணர்வைவிடத் தொழிற்சாலைச் சட்டமே பெரிய காரணம் எனலாம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு, 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் பணிபுரியும் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் தொழிலாளர் நல அலுவலர் இருக்கவேண்டும் என விதித்தது. இதனால் பட்டதாரிகளுக்கு நிலையான சம்பளம் உடைய ஒரு பதவி கிடைத்தது. ஆலை நகரங்களின் கல்லூரிகளில் பணியாளர் மேலாண்மையும் தொழில் உறவுகளும் சிறப்புப் பாடமாக இடம்பெற்றதற்கு இதுவே அடிப்படை. இன்று மனிதவள மேலாண்மை என்னும் பெயரில் அது தொடர்கிறது. ஆகவே, ஏழைகளுக்காகப் பணியாற்றும் கல்வி என்று எண்ணிச் சேரும் மாணவர் தம் வகுப்புத் தோழர்களுள் பலர் நிறுவன அலுவலகங்களை நோக்கிச் செல்வதைக் காண்கிறார். 2020ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, நல அலுவலர் நியமனத்திற்குரிய தொழிலாளர் எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்தது.

களப்பணி

ஏனைய சமூக அறிவியல் படிப்புகளிலிருந்து இதனைப் பிரித்துக் காட்டுவது களப்பணியாகும். வழக்கமாக வாரத்தில் இரு நாட்கள் மாணவர் ஏதேனும் ஒரு மருத்துவமனை, பள்ளி, குழந்தைகள் இல்லம், தொழிற்சாலை அல்லது தொண்டு நிறுவனத்தில் பணியாற்றவேண்டும். தாம் கண்டதையும் செய்ததையும் அறிக்கையாக எழுதி, துறை ஆசிரியருடன் தனித்தனியே கலந்துரையாட வேண்டும். ஊரகப் பகுதி ஒன்றில் தங்கி நடத்தும் முகாமும், படிப்பின் இறுதியில் ஏறத்தாழ ஒரு மாதத் தொடர் பயிற்சியும் இதில் அடங்கும். களப்பணியில் தேர்ச்சி பெறாதவர் எழுத்துத் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாலும் பட்டம் பெற இயலாது.

களத்தில் மாணவர் முதலில் கற்பது பேசுவதை அன்று, கேட்பதை. மருந்தை இடையில் நிறுத்திவிட்ட காசநோயாளிக்கு அறிவுரை கூறுவது எளிது. மருத்துவமனைக்கு வரும் நாளில் அவருடைய கூலி போய்விடுகிறது என்பதைக் கேட்டு அறிவதற்குப் பயிற்சி தேவை. நடைமுறையில் களப்பணியின் தரம் பெரிதும் மாறுபடுகிறது. வழிகாட்டப் பயிற்சி பெற்ற பணியாளர் இல்லாத நிறுவனங்களில் மாணவர் பதிவேடுகளை நிரப்புவதோடு நின்றுவிடுவதும் உண்டு.

பாடத்திட்டத்தில் தனிநபர் சமூகப்பணி, குழுப்பணி, சமுதாய அமைப்பாக்கம், சமூகநல நிருவாகம், ஆய்வு, சமூகச் செயற்பாடு என ஆறு முறைகள் கற்பிக்கப்படுகின்றன. இவை பெரிதும் அமெரிக்க நூல்களின் வழி வந்தவை. சாதி, நிலவுடைமை ஆகியவற்றில் வேரூன்றிய சிக்கல்களைத் தனிமனிதரின் குறையாகக் காட்டும் போக்கு இவற்றில் உண்டு என்னும் திறனாய்வு நெடுங்காலமாக இருந்துவருகிறது. டாட்டா நிறுவனம் தலித், பழங்குடியினர் ஆய்வுகளைச் சமூகப்பணியின் ஒரு சிறப்புப் பிரிவாக ஏற்படுத்தியதை இதற்கான ஒரு மறுமொழியாகக் கொள்ளலாம்.

வேலைவாய்ப்புகள்

மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப்பணியாளர் பதவி உள்ளது. இந்தியாவில் இப்பதவிக்கான முதல் நியமனம் 1946இல் பம்பாய் ஜே. ஜே. மருத்துவமனையில் நிகழ்ந்தது. 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்திலும், தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் வழங்கும் நம்பிக்கை மையங்களிலும் இப்பட்டதாரிகள் பணிபுரிகின்றனர். உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கான 2014ஆம் ஆண்டு விதிகள், ஒருங்கிணைப்பாளர் பதவிக்கு விரும்பத்தக்க தகுதிகளுள் ஒன்றாகச் சமூகப்பணி முதுநிலைப் பட்டத்தைக் குறிப்பிடுகின்றன.

குழந்தைகள் நலத்துறையில் நன்னடத்தை அலுவலர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பணியாளர் போன்ற பதவிகள் உள்ளன. 1098 என்னும் குழந்தைகள் உதவித் தொலைபேசி 1996இல் டாட்டா நிறுவனத்தின் களச் செயல்திட்டமாகவே தொடங்கியது. 2023இல் அதன் பொறுப்பை அரசு ஏற்றது. ஆயினும் இத்தகைய அரசுத் திட்டப் பதவிகளுட் பல ஒப்பந்த அடிப்படையிலும் தொகுப்பூதியத்திலும் அமைந்தவை. படிப்பைத் தெரிவுசெய்யுமுன் மாணவர் அறிந்திருக்கவேண்டிய செய்தி இது.

தொண்டு நிறுவனங்களே தொடக்கநிலைப் பட்டதாரிகளுக்குப் பரவலாக வேலை அளிப்பவை. அயல்நாட்டு நிதி தொடர்பான சட்டத்தில் 2020இல் செய்யப்பட்ட திருத்தம், அத்தகைய நிதியில் நிருவாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. பெற்ற நிதியைப் பிற அமைப்புகளுக்குப் பகிர்வதையும் தடைசெய்தது. இதனால் சிறு அமைப்புகள் பாதிக்கப்பட்டன. மறுபுறம், 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என விதித்ததால் அப்பிரிவில் புதிய பதவிகள் உருவாயின. ஆய்விலும் கற்பித்தலிலும் ஈடுபட விரும்புவோர் தேசியத் தகுதித் தேர்வு எழுதுகின்றனர்.

சட்ட நிலை

மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பது போன்ற பதிவு முறை இந்தியாவில் சமூகப்பணியாளர் அனைவருக்குமாக ஏற்படுத்தப்படவில்லை. இங்கிலாந்தில் 2005 முதல் பதிவு பெறாதவர் சமூகப்பணியாளர் என்னும் பெயரைப் பயன்படுத்த முடியாது. இந்தியாவில் அப்பெயர் பாதுகாக்கப்படவில்லை. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இளைஞர் நீதிக் குழுமத்தில் நடுவருடன் இரு சமூகப்பணியாளர்கள் இடம்பெறவேண்டும் என்கிறது அச்சட்டம். அவர்கள் குழந்தைகளுக்கான நலப்பணிகளில் ஏழாண்டுகள் ஈடுபட்டிருக்க வேண்டும், அல்லது குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் ஆகியவற்றுள் ஒன்றில் பட்டம் பெற்றுத் தொழில் புரிபவராக இருக்கவேண்டும். சமூகப்பணிப் பட்டம் அப்பட்டியலில் இல்லை.

மருத்துவம் சார்ந்த பிரிவுகளில் நிலை சற்று மாறியுள்ளது. 2021ஆம் ஆண்டு இணைநிலை, நலவாழ்வுத் தொழிலர் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் மருத்துவ, மனநல சமூகப்பணியாளர்கள் சேர்க்கப்பட்டுள்ளனர். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல சமூகப்பணியாளருக்கு முதுநிலைப் பட்டத்துடன் ஈராண்டு எம்.பில். பட்டமும் தேவை என வரையறுத்தது. ஆனால் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் எம்.பில். பட்டத்தையே நிறுத்தின. சட்டம் கோரும் தகுதியைப் பெற வழியில்லாத நிலை உருவாகாதிருக்க, மனநல சமூகப்பணிக்கும் மருத்துவ உளவியலுக்கும் மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை விலக்கு அளிக்கப்பட்டது.