சேப்பாக்கத்து முற்றவெளி

பவானியிலிருந்தும் அந்தியூரிலிருந்தும் நில விவகாரங்களின் பொருட்டுச் சென்னைக்குச் செல்லும் நம்மவர் பலர், கடற்கரைச் சாலையிலுள்ள எழிலகத்தின் படிகளை ஏறி இறங்கியிருப்பர். அந்த அலுவலகத்தின் பின்னே செந்நிற மாடங்களுடன் மறைந்து நிற்கும் மாளிகையை அவருள் எத்தனை பேர் நின்று பார்த்திருப்பர்? ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா 1768-இல் எழுப்பிய சேப்பாக்கம் அரண்மனை அது.

அக்காலத்தில் நம் கொங்குநாடு வாலாஜாவின் ஆட்சியில் இருந்ததில்லை. அவருடைய பகைவரான ஹைதர் அலியின் ஆளுகையில் இருந்தது. எனினும் அவ்வரண்மனையின் கதை நமக்கு அயலன்று.

கலச மஹால், ஹுமாயூன் மஹால் என்னும் இரண்டு மாளிகைகளை மட்டும் நாம் அரண்மனை என்கிறோம். நவாபின் காலத்திலோ 117 ஏக்கர் பரப்பே அரண்மனையாக விளங்கியது. கிழக்கே கடற்கரை, வடக்கே கூவம் ஆறு, சுற்றிலும் மதில், உள்ளே தோட்டமும் திறந்த வெளியும். மாளிகைகள் அந்த வெளியின் நடுவே அமைந்த அணிகலன்களேயன்றி வேறல்ல.

அவ்வெளியை விழுங்கியது கடன். கும்பினியாரின் ஊழியர்களிடமே நவாப் பட்ட கடன், 1785-இல் எட்மண்டு பர்க் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் முழங்கும் அளவுக்கு வளர்ந்தது. 1855-இல் நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசின்றி மறைந்தார். கும்பினி நவாப் பட்டத்தையே ஒழித்தது. அரண்மனை ஏலத்துக்கு வந்தது. அரசாங்கமே அதை வாங்கிக்கொண்டது. நவாபின் குடும்பத்தார் பின்னர் இராயப்பேட்டை அமீர் மஹாலில் குடியேறினர்.

அதன் பின் மதில் வீழ்ந்தது. இரு மாளிகைகளுக்கிடையே ராபர்ட் சிஷோம் ஒரு கோபுரத்தை எழுப்பினார். அது பழைய கட்டடத்தோடு அழகாகவே இசைந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அடுத்தடுத்து எழுந்த அலுவலகங்களுக்கு அந்த இங்கிதம் இல்லை. கடலை நோக்கியிருந்த முகப்பைக் கடற்கரையில் நடப்பவர் காணவியலாதபடி அவை மறைத்துவிட்டன.

2012 ஜனவரியில் கலச மஹாலில் தீப்பற்றியது. அணைக்கச் சென்ற தீயணைப்பு அலுவலர் ஒருவர் உயிர் நீத்தார். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது எளிது. அவ்வாறு செய்யாமல் பழைய முறையிலேயே சுண்ணாம்புக் காரை கொண்டு செப்பனிட்டனர். தென்னகப் பசுமைத் தீர்ப்பாயம் அங்கு இடம்பெற்றது. மரம் முளைத்துக் கூரை சிதைந்து கிடந்த ஹுமாயூன் மஹாலும் பின்னர் மீட்கப்பட்டது. சிமென்டு பூசினால் பழஞ்செங்கல் மூச்சுவிடாது. உள்ளே தங்கும் ஈரமே சுவரைத் தின்றுவிடும். ஆதலின் சுண்ணாம்பை நாடியது தக்க செயலேயாகும்.

மாளிகைகள் மீண்டன, வெளி மீளவில்லை. அந்தப் பழைய பரப்பில் இன்றும் பசுமை மாறாது பரந்து கிடக்கும் பெருந்துண்டு எது தெரியுமா? கிரிக்கெட் மைதானமே! 1865-ஆம் ஆண்டு முதல் பந்து உருண்டு வருவதால் மட்டுமே அந்த மண்ணில் அலுவலகம் முளைக்கவில்லை.

117 ஏக்கரையும் திரும்பக் கேட்பார் எவருமிலர். மாளிகைகளின் முன் எஞ்சியுள்ள சிறு முற்றத்தில் இனியொரு கட்டடமும் எழாமல், அங்கு நிழல் மரங்களும் நடைபாதையும் அமையுமாயின், மனுவுடன் காத்திருக்கும் நம் ஊரார் அம்மரத்தடியில் அமர்ந்தேனும் அம்மாளிகையை நிமிர்ந்து நோக்குவர்.