கைச் சுழல்மேடை (மாதிரிப் புகையிரதம்)

நீராவி எஞ்சினைத் திருப்பி நிறுத்தும் சுழல்மேடையின் சிறு வடிவம். மோட்டார் இன்றிக் கையால் சுழற்றப்படுவது.

எடுத்துக்காட்டாக, இலங்கையின் மண்டூர்ப் பகுதிக்குரிய புகையிரத முனையம் மட்டக்களப்பு. அதற்கான பாதை 1928இல் திறக்கப்பட்டது. கரியும் நீரும் கொண்ட பெட்டியைப் பின்னே இழுக்கும் எஞ்சின்கள் முன்னோக்கி ஓடுவதற்கே ஏற்றவை. எனவே நீராவிக்கால முனையத்தின் மாதிரிக்குச் சுழல்மேடை அழகு சேர்க்கும். இலங்கையின் அகலப்பாதை 1676 மி.மீ.; 1:87 அளவில் அது ஏறத்தாழ 19.3 மி.மீ. ஆகும். அந்த அளவுக்குக் கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் மாதிரித் தண்டவாளத்தின் அகலமோ 16.5 மி.மீ.

ஒட்டுப்பலகையில் வட்டக் குழி வெட்டி, அதன் நடுவே பித்தளைக் குழாயை அச்சாகப் பொருத்துவர். அந்த அச்சில் சுழலும் பாலம் மிக நீளமான எஞ்சினின் முதற்சக்கரம் முதல் கடைசிச் சக்கரம் வரை தாங்க வேண்டும். பாலத்தின் முனையிலுள்ள சிறு தாழ்ப்பாள், எதிரே குழி விளிம்பிலுள்ள சிறு குழாய்க்குள் நுழைந்ததும் தண்டவாளங்கள் நேராகும்.

மின்சாரத்தில்தான் கவனம் தேவை. பாலம் அரைச்சுற்றுத் திரும்பினால் நேர், எதிர் முனைகள் இடம் மாறிக் மின்குறுக்குச்சுற்று ஏற்படும். இதைத் தவிர்க்க, பித்தளை வளையத்தை இரு பாதிகளாக வெட்டி, இடைவெளி விட்டு அச்சைச் சுற்றி ஒட்டுவர். பாலத்தின் அடியிலுள்ள இரு தொடுகம்பிகள் அவற்றில் உரச, திரும்பும்போதே முனைகளும் மாறிவிடும். அந்த இடைவெளிக்கு நேரே எந்தப் பாதையும் அமையக் கூடாது.

எஞ்சினை ஏற்றுமுன் வெறும் பாலத்தை முழுச்சுற்றுச் சுழற்றி, ஒவ்வொரு பாதையுடனும் பொருந்துகிறதா எனப் பார்ப்பது அவசியம்.