வளரிளம் பஞ்சாலைத் தொழிலாளர்களின் உறக்கக் குறைபாடு

திருப்பூர் வட்டாரப் பஞ்சாலைகளிலும் பின்னலாடை நிறுவனங்களிலும் பணிபுரியும் வளரிளம் பருவத்தினரின் உறக்கக் குறைபாடு, மனச்சோர்வுக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் வழிவகுக்கக்கூடிய, ஆனால் சிகிச்சையால் சீராக்கத்தக்க ஒரு காரணி ஆகும்.

பின்னணி

நூற்பாலைகள் இரவு பகலாக மூன்று ஷிப்டுகளில் இயங்குபவை. பின்னலாடை நிறுவனங்களில் 12 மணிநேர வேலை 'ஒன்றரை ஷிப்ட்' எனப்படுகிறது. திருமணச் செலவுக்கென மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை தருவதாகக் கூறி, பதின்ம வயதுப் பெண்களை ஆலை விடுதிகளில் தங்கவைத்த முறை 'சுமங்கலித் திட்டம்' என அறியப்பட்டது. வயதுவந்த பெண்களுக்கிருந்த இரவுப்பணித் தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000 டிசம்பரில் நீக்கியது. 18 வயது நிறையாத பெண்கள் காலை 6 முதல் மாலை 7 மணி வரை மட்டுமே பணிபுரியலாம் என்பது 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் இருந்த தனி விதி.

உடலியல்

13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணிநேர உறக்கம் தேவை. இப்பருவத்தில் மெலடோனின் சுரப்பு தாமதமாவதால் இயல்பாகவே உறக்கம் பின்தள்ளிப்போகிறது. எனவே அதிகாலை ஷிப்டும் இவர்களுக்குக் கடினமானதே. வாரந்தோறும் ஷிப்ட் மாறினால், உடல் ஒன்றுக்குப் பழகுமுன் அடுத்தது தொடங்கிவிடும்.

அமெரிக்காவில் 2010 இல் வெளியான ஓர் ஆய்வில், இரவு 10 மணிக்குள் படுக்கைக்குச் செல்லுமாறு பெற்றோர் வரையறுத்த பிள்ளைகளைவிட, நள்ளிரவு வரையோ அதற்கு மேலோ விழித்திருக்க அனுமதிக்கப்பட்டோரிடம் மனச்சோர்வு 24 விழுக்காடும் தற்கொலை எண்ணம் 20 விழுக்காடும் கூடுதலாகக் காணப்பட்டன. அவ்வாய்வு பள்ளி மாணவரைப் பற்றியது. ஆலைத் தொழிலாளர் நிலை இதனினும் எளிதாக இருக்க வாய்ப்பில்லை.

சிகிச்சை

நாட்பட்ட உறக்கமின்மைக்கு முதன்மைச் சிகிச்சை மாத்திரை அன்று. அறிவாற்றல் நடத்தை சிகிச்சையே. நாள்தோறும் ஒரே நேரத்தில் விழித்தெழுதல் இதன் அடிப்படை விதி. ஷிப்ட் மாறிக்கொண்டிருக்கும் வரை அவ்விதியைப் பின்பற்ற இயலாது என்பதால், மருத்துவர் அறிவுரை மட்டும் போதாது. பணிநேரமும் மாற வேண்டும். விடுதியில் இரவுப்பணி முடித்தவர்களுக்கு இருட்டான தனி அறை ஒதுக்குதல் செலவு குறைந்த ஏற்பாடு.

மனநோய் என்றால் தயங்குபவர்கள் 'தூக்கம் வரவில்லை' எனச் சொல்லத் தயங்குவதில்லை. ஆகவே உறக்கம் பற்றிய விசாரிப்பு, மனத்துயரை அறியும் இயல்பான வாயிலாகவும் அமைகிறது. தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால் உறக்கம் சீராகும் வரை காத்திராமல் உடனடியாக மனநல உதவி பெற வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலிமானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலும் கட்டணமின்றிப் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தன்னார்வ அமைப்பும் தொலைபேசிவழி ஆதரவு அளிக்கிறது.