தாஊன் காலத்துத் துயரும் தளராத உள்ளங்களும்



அல்லாஹுத்தஆலா தன் அடியார்களைச் சோதிக்கும் விதங்களை ஸூரதுல் பகராவின் 155ஆவது வசனத்தில் வரிசைப்படுத்துகின்றான். பசி, பொருட்சேதம், உயிரிழப்பு, விளைச்சல் இழப்பு ஆகிய அனைத்துக்கும் முன்னதாக அங்கே குறிப்பிடப்படுவது அச்சம். கொள்ளை நோயொன்று ஊருக்குள் நுழையும்போது நடப்பதும் இதுவே. நோய் சிலரது உடலைத் தாக்குகிறது. அச்சமோ அனைவரது உள்ளத்தையும் தாக்குகிறது. நோய் நீங்கிச் சென்ற பின்னரும் உள்ளத்தில் விழுந்த அடி சிலருக்கு ஆறாமல் இருந்து விடுகிறது.

இத்தகைய காலங்களில் எமது முன்னோர்கள் தமது உள்ளங்களை எவ்வாறு காத்துக் கொண்டார்கள்? அவர்கள் அழுதார்களா? அஞ்சினார்களா? அழுததனால் அவர்களது ஈமான் குறைந்து போனதா? இவ்வினாக்களுக்கு வரலாறு தரும் விடையைச் சற்று ஆழமாக நோக்குவோம்.

ஸர்கில் எடுக்கப்பட்ட முடிவு

கலீஃபா உமர் (ரழி) அவர்கள் ஷாம் தேசத்தை நோக்கிப் பயணமாகி, ஸர்க் எனும் இடத்தை அடைந்தபோது ஷாமில் தாஊன் எனும் கொள்ளை நோய் பரவியிருக்கும் செய்தி எட்டியது. அவர்கள் தனித்து முடிவெடுக்கவில்லை. முதலில் முஹாஜிர்களை அழைத்து ஆலோசித்தார்கள், கருத்து வேறுபட்டது. அன்ஸாரிகளை அழைத்தார்கள், அவர்களும் வேறுபட்டனர். பின்னர் குறைஷிகளின் முதியவர்களை அழைத்தார்கள். மக்களை அழைத்துக்கொண்டு திரும்பி விடுமாறு அவர்கள் ஒருமித்துக் கூறினர். உமர் (ரழி) திரும்பிச் செல்லத் தீர்மானித்தார்கள்.

அல்லாஹ்வின் விதியிலிருந்தா வெருண்டோடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரழி) கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதியை நோக்கிச் செல்வதாகவே உமர் (ரழி) விளக்கம் அளித்தார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் செழிப்பாகவும் மறுபக்கம் வறண்டும் இருந்தால், ஒட்டகத்தை எந்தப் பக்கத்தில் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படியே நிகழ்கிறது என்று உவமையும் கூறினார்கள். அதன் பின்னர் அங்கு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்கள், தாஊன் பரவியுள்ள ஊருக்குள் நுழையக் கூடாது என்றும், தாம் இருக்கும் ஊரில் அது ஏற்பட்டால் அதிலிருந்து தப்பியோடக் கூடாது என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியதைத் தெரிவித்தார்கள். தமது முடிவு நபிமொழிக்கு இயைந்திருந்ததையிட்டு உமர் (ரழி) அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள்.

இந்நிகழ்வில் உள்ளத்துக்குரிய மருந்தும் இருக்கிறது. செய்ய வேண்டியது இன்னதென்று தெளிவாகத் தெரியும்போது அச்சம் பாதியாகக் குறைகிறது. வதந்திகளை நம்பி அலைக்கழியும் உள்ளத்துக்கு மஷூராவும் அறிவும் நங்கூரமாக அமைகின்றன.

உமர் (ரழி) அழுத கடிதம்

ஹிஜ்ரி 18இல், அதாவது கி.பி. 639 அளவில், பலஸ்தீனத்தின் அம்வாஸ் எனும் ஊரின் பெயரால் அழைக்கப்படும் அத்தாஊன் கடுமையாகப் பரவியது. இருபத்தையாயிரம் பேர் வரை இதில் உயிரிழந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

அபூ உபைதா (ரழி) அவர்களை எப்படியாவது காப்பாற்றி விட வேண்டுமென்று விரும்பிய உமர் (ரழி), ஓர் அவசர விடயமாகத் தம்மிடம் வருமாறு கடிதம் எழுதினார்கள். கடிதத்தின் நோக்கத்தைப் புரிந்து கொண்ட அபூ உபைதா (ரழி), தமது படையினரை விட்டுவிட்டுத் தாம் மட்டும் தப்பி வர விரும்பவில்லை என்று பணிவுடன் பதில் எழுதினார்கள். அதனை வாசித்த உமர் (ரழி) அழுதார்கள். அபூ உபைதா மரணித்து விட்டாரா என்று அருகிலிருந்தோர் கேட்குமளவுக்கு அவ்வழுகை இருந்தது. அதன் பின்னர், மக்களைத் தாழ்வான நிலத்திலிருந்து உயர்ந்த, தூய காற்றுள்ள பகுதிக்கு அழைத்துச் செல்லுமாறு அவர்கள் மீண்டும் எழுதினார்கள்.

இளைஞர்களே! எத்தனையோ போர்களை வழிநடத்திய உமர் (ரழி) ஒரு தோழரின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மக்கள் முன்னிலையில் அழுதார்கள். அழுது முடித்ததும் செய்ய வேண்டிய அடுத்த காரியத்தைச் செய்தார்கள். ஸப்ர் என்பதன் பொருளை இந்த ஒரு நிகழ்வே எமக்கு விளக்கி விடுகிறது.

அபூ உபைதா (ரழி) அந்நோயிலேயே வஃபாத்தானார்கள். அவர்களுக்குப் பின் பொறுப்பேற்ற முஆத் இப்னு ஜபல் (ரழி) அவர்களும், அவர்களது மகனும் தாஊனுக்குப் பலியாகினர். அடுத்துப் பொறுப்பேற்ற அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி), மக்களை மலைப்பகுதிகளுக்குப் பிரிந்து செல்லுமாறு பணித்தார்கள். அதன் பின்னர் நோய் தணிந்தது. உமர் (ரழி) அச்செயலை வெறுக்கவில்லை. நோய் நீங்கியதும் அவர்கள் தாமே ஷாமுக்குச் சென்று, இறந்தோரின் வாரிசுரிமைகளைப் பங்கிட்டு, குலைந்து போன வாழ்வை ஒழுங்குபடுத்தினார்கள். நோய் ஓய்ந்த பின்னும் தலைமையின் பொறுப்பு ஓய்ந்து விடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

டமஸ்கஸ் வீதிகளில் வெறுங்காலுடன்

அம்வாஸுக்குப் பின்னர் ஏழு நூற்றாண்டுகள் கழிந்து, ‘கறுப்பு மரணம்’ என்று அழைக்கப்பட்ட பெருங்கொள்ளை நோய் உலகைச் சூழ்ந்தது. அதனை நேரில் கண்டு எழுதியவர்களுள் ஒருவர் எமது நாட்டுக்கும் அறிமுகமானவர். 1344இல் இலங்கைக்கு வந்து பாவாத மலையைத் தரிசித்துச் சென்ற பயணி இப்னு பதூதாவே அவர்.

1348இல் அவர் ஷாம் பிரதேசத்தை மீண்டும் அடைந்தபோது நகரங்கள் மரணத்தில் மூழ்கியிருந்தன. டமஸ்கஸின் ஆளுநர் அர்கூன் ஷா, மூன்று நாட்கள் நோன்பு நோற்குமாறு மக்களை அழைத்தார். அதன் பின்னர் அமீர்களும் ஏழைகளும், ஆண்களும் பெண்களும், சிறுவர்களும் முதியோரும் வெறுங்காலுடன் வீதியில் இறங்கினர். முஸ்லிம்கள் குர்ஆனையும், யூதர்கள் தவ்ராத்தையும், கிறிஸ்தவர்கள் இன்ஜீலையும் ஏந்தியவாறு, அழுது பிரார்த்தித்தபடி மஸ்ஜிதுல் அக்தாமை நோக்கி நடந்தனர். அந்நகரில் மரணம் நாளொன்றுக்கு இரண்டாயிரத்தை எட்டியதாகவும், பிரார்த்தனையின் பின்னர் அல்லாஹ் துன்பத்தை இலேசாக்கியதாகவும் இப்னு பதூதா எழுதுகிறார்.

தந்தை இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன என்ற செய்தியை அவர் அறிந்ததும் அதே டமஸ்கஸில்தான். 1349இல் தாயகமான மொரோக்கோவை அடைந்த வேளையில், தாயாரும் அக்கொள்ளை நோயில் இறந்து விட்டதை வழியிலேயே கேள்விப்பட்டார். இருவரது ஜனாஸாவிலும் கலந்துகொள்ளும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

மூன்று புதல்வியரை இழந்த இமாம்

ஸஹீஹுல் புகாரிக்கு ‘ஃபத்ஹுல் பாரி’ எனும் விரிவுரை எழுதிய இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானி (1372–1449) அவர்களை நாம் ஹதீஸ் கலையின் பேரறிஞராக அறிவோம். அவர்கள் கொள்ளை நோய்க்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தந்தையும் ஆவார்கள். இரு புதல்வியர் ஹிஜ்ரி 819இலும், மூத்த மகள் கர்ப்பிணியாக இருந்த நிலையில் ஹிஜ்ரி 833இலும் தாஊனில் மரணித்தனர்.

அவ்விமாம் தமது துயரை மௌனத்தில் புதைத்து விடவில்லை. தாஊன் பற்றிய ஹதீஸ்களையும் சட்டங்களையும் வரலாற்றையும் திரட்டி ‘பத்லுல் மாஊன் ஃபீ ஃபழ்லித் தாஊன்’ எனும் நூலை யாத்தார்கள். தாஊனில் மரணிக்கும் முஃமினுக்கும், பொறுமையுடன் தன் ஊரிலேயே தங்கியிருப்பவருக்கும் ஷஹீதின் கூலி உண்டு எனும் நபிமொழிகளை ஆராய்ந்து எழுதிய ஒவ்வொரு பக்கமும் அத்தந்தையின் உள்ளத்துக்கே முதலில் ஆறுதலாக அமைந்திருக்க வேண்டும்.

அந்நூலில் மற்றொரு செய்தியும் உண்டு. ஹிஜ்ரி 833இல் கெய்ரோ மக்களும் மூன்று நாட்கள் நோன்பு நோற்றுப் பாலைவெளியில் ஒன்றுகூடிப் பிரார்த்தித்தனர். அதற்கு முன்னர் நாளாந்த மரணம் நாற்பதுக்கும் குறைவாக இருந்தது. ஒரு மாதம் கழியுமுன் ஆயிரத்தைத் தாண்டியது. இதனை இமாமவர்கள் மறைக்காமல் பதிவு செய்துள்ளார்கள். துஆ உள்ளத்தின் உரிமை. அதற்கென உடல்கள் நெருங்கிக் கூடுவதோ வேறு விடயம். நோய்க் காலத்தில் உடல்கள் விலகியிருக்க, உள்ளங்கள் ஒன்றையொன்று கைவிடாதிருப்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

பிற்காலத்தில் இமாமின் மாணவரான ஸகாவி, பிள்ளைகளை இழந்த பெற்றோரின் ஆறுதலுக்காகவே தனி நூல் ஒன்றை எழுதினார். அக்காலச் சமூகம் துயரத்தைப் பற்றி வெட்கப்படாமல் பேசியது என்பதற்கு இத்தகைய நூல்களே சான்றாகும்.

உள்ளத்துக்கும் வைத்தியம் உண்டு

இப்னு ஹஜருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர், பல்க் பிரதேசத்தில் பிறந்த அபூ ஸைத் அல்பல்கி (மரணம் 934), உடல், உள்ளம் ஆகிய இரண்டின் நலனையும் ஒரே நூலில் ஆராய்ந்தார். ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ எனும் அந்நூலில் கோபம், பீதி, துக்கம், வஸ்வாஸ் ஆகியவற்றை உள்ளத்தின் நோய்களாக எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் கூறினார். துக்கத்தை அவர் இருவகையாகப் பிரித்தார். அன்பானவரை இழத்தல் போன்ற தெரிந்த காரணத்தினால் வருவது ஒன்று. காரணம் எதுவும் புலப்படாமல் வருவது மற்றையது. பின்னையதற்கு உடல் சார்ந்த காரணமும் இருக்கலாம் என்றும், அதற்குரிய சிகிச்சை வேண்டும் என்றும் அவர் கருதினார்.

உடல் நலமாக இருக்கும்போதே மருந்துகளைச் சேமித்து வைப்பது போல, மனம் அமைதியாக இருக்கும்போதே நல்லெண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டும் என்பது அவரது அறிவுரை. வஸ்வாஸினால் அலைக்கழிக்கப்படுபவர் தனிமையைத் தவிர்க்க வேண்டும் என்பதும் அவர் கூறியதே. மனம் நோயுற்றவரை ஈமான் குறைந்தவர் என்று ஏசுவோர் இந்நூல் எழுதப்பட்ட காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எமது மண்ணில் நேர்ந்த சோதனை

2020இல் கொவிட்-19 எமது நாட்டையும் வந்தடைந்தது. மார்ச் மாதத்தில் ஊரடங்குச் சட்டம் அமுலாகியது. ஜுமுஆவும் ஐவேளை ஜமாஅத்தும் பள்ளிவாசல்களில் நிறுத்தப்பட்டன. அவ்வாண்டு ரமழானின் தராவீஹ் எமது வீடுகளிலேயே தொழப்பட்டது. வாப்பா இமாமாக நிற்க, உம்மாவும் பிள்ளைகளும் பின்னால் நின்ற அந்த இரவுகள் பல குடும்பங்களுக்கு ஆறுதலாக அமைந்தன.

ஆனால் அதனிலும் கடினமான சோதனை ஒன்று காத்திருந்தது. கொவிட் தொற்றினால் மரணித்தோரின் உடல்களை அடக்கம் செய்யவோ தகனம் செய்யவோ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருந்த போதிலும், 2020 ஏப்ரல் மாத வர்த்தமானி அறிவித்தல் தகனத்தைக் கட்டாயமாக்கியது. அவ்வாண்டு டிசம்பரில், பிறந்து இருபது நாட்களேயான பச்சிளம் பாலகன் ஒருவனும் தகனம் செய்யப்பட்டான். பொரளை மயானத்தின் வாயிலில் கபன் துணியை நினைவூட்டும் வெண்ணிறத் துணிகள் கட்டப்பட்டன. அவற்றைக் கட்டியோரில் பிற மதச் சகோதரர்களும் இருந்தனர் என்பது மறக்கத்தக்கதன்று.

2021 பெப்ரவரி இறுதியில் நல்லடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. மார்ச் 5ஆம் திகதி முதல் ஓட்டமாவடி, மஜ்மா நகரில் ஜனாஸாக்கள் அடக்கம் செய்யப்பட்டன. பிற மதத்தவர் உட்பட 3,600க்கும் மேற்பட்டோர் அங்கே துயில்கின்றனர். தகனத்தைக் கட்டாயமாக்கியமைக்காக அமைச்சரவை 2024 ஜூலையில் மன்னிப்புக் கோரியது. குளிப்பாட்டவும், கபனிடவும், முகம் பார்க்கவும் இயலாமற் போன குடும்பங்களின் துயர் அதனால் மட்டும் ஆறிவிடாது.

அத்தகைய குடும்பங்களுக்கு ஒரு சொல்: தொலைவில் மரணித்த நஜ்ஜாஷி மன்னருக்காக நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். உடல் முன்னிலையில் இல்லாத போதும் தொழுகையும் துஆவும் ஸதகாவும் உரியவரைச் சென்றடையும் வழிகளை எமது மார்க்கம் அடைத்து விடவில்லை. உங்கள் அன்பு அவர்களுக்குப் பயனளிக்காமல் போய்விட்டது என்று எண்ணி உருகாதீர்கள்.

பெற்றோர்களே, இளைஞர்களே!

தம் மகன் இப்ராஹீம் மரணித்தபோது நபி (ஸல்) அவர்களின் கண்கள் கலங்கின. உள்ளம் வருந்துவதாகவும் அவர்களே கூறினார்கள். யஃகூப் (அலை) அவர்கள் துக்கத்தினால் கண்பார்வை மங்கும் வரை அழுதார்கள். அழகிய பொறுமையைக் குறித்துப் பேசியவர்களும் அவர்களே. ஆகவே அழும் பிள்ளையை ‘ஆம்பிளைப் பிள்ளை அழலாமா’ என்று அடக்காதீர்கள். இறந்த உம்மம்மாவின் பெயரைப் பிள்ளைகள் முன் சொல்லவே தயங்கும் வீட்டில் துயரம் மறைவதில்லை. அது பிள்ளையின் தூக்கத்தையும் உணவையும் படிப்பையும் தின்னத் தொடங்குகிறது. இரவுணவின் பின்னர் சற்று நேரம் அமர்ந்து, மறைந்தவரைப் பற்றிப் பேசுங்கள். பின்னர் சேர்ந்தே துஆச் செய்யுங்கள்.

இளைஞர்களே! அறையைப் பூட்டிக்கொண்டு தனித்திருக்கும் நண்பனுக்கு ஓர் அழைப்பு எடுங்கள். வாரக்கணக்கில் தூக்கமின்மையும் வெறுமையும் தொடர்ந்தால், வாழ்வே வேண்டாமென்ற எண்ணம் எழுந்தால், தாமதியாது வைத்தியரை அல்லது உளவளத்துணையாளரை நாடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 எனும் இலக்கத்துக்கு அழைப்பதும் ஒரு வழியாகும். நோய்க்கு மருந்து தேடுமாறு பணித்த மார்க்கம் உள்ளத்தின் நோயை அதிலிருந்து விலக்கி வைக்கவில்லை.

கொள்ளை நோய்கள் இதற்கு முன்னரும் வந்தன, இனியும் வரலாம். ஸர்கிலிருந்து திரும்பியவர்களைப் போல் அறிவோடு விலகி நிற்போம். உமரைப் போல் அழுவோம். இப்னு ஹஜரைப் போல் துயரைப் பயனுள்ள பணியாக்குவோம். நோய் நீங்கிய பின்னரும் ஒருவர் மற்றவரின் வாசலுக்குச் செல்வோம்.

யா அல்லாஹ்! நோயில் மரணித்த எம்மவர் அனைவருக்கும் ஷஹீதின் அந்தஸ்தை வழங்குவாயாக. அவர்களைப் பிரிந்து தவிக்கும் உள்ளங்களுக்கு அமைதியை அருள்வாயாக. ஆமீன்.