ஓய்வுக்குப் பிறகும் கணக்கில் நிற்கும் பெயர்



அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் சென்ற வாரம் போனில் ஒரு கேள்வி கேட்டார். "டீச்சர், இங்கே ஃபுட்பாலில் பெரிய ஆட்டக்காரர் ஒருவர் ஓய்வு பெற்றால், அதற்கடுத்த வருடமும் அவர் பெயரில் கோடிக்கணக்கான டாலர் அணியின் கணக்கில் நிற்கிறது. ஆடாதவருக்கு எதற்குக் கணக்கு?" நல்ல கேள்வி. இதற்குள் ஒரு முப்பது வருட வரலாறு இருக்கிறது. அவருக்கு மட்டும் பதில் சொல்வதை விட எல்லோருக்குமாக எழுதலாம் என்று நினைத்தேன். பதிவு கொஞ்சம் நீளம். காபியை வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

முதலில் ஒரு விளக்கம். நாம் காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க ஃபுட்பால். இதை நடத்துவது என்.எஃப்.எல். என்ற அமைப்பு. இன்று 32 அணிகள். ஒவ்வொரு அணியிலும் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். பெயரும் பணமும் அதிகம் அவருக்குத்தான்.

உச்சவரம்பு எப்படி வந்தது?

உச்சவரம்பு என்றதும் பெரியவர்களுக்கு நில உச்சவரம்புச் சட்டம் நினைவுக்கு வரும். இது சம்பள உச்சவரம்பு. ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து ஓர் ஆண்டில் இவ்வளவுக்கு மேல் கணக்கு எழுதக் கூடாது என்ற எல்லை. எல்லா அணிக்கும் ஒரே தொகைதான்.

1993க்கு முன்பு இந்த எல்லை கிடையாது. ஆனால் ஆட்டக்காரர்களுக்குச் சுதந்திரமும் கிடையாது. ஒப்பந்தம் முடிந்தாலும் நினைத்த அணிக்குப் போக முடியாது. 1987இல் வேலைநிறுத்தம் செய்து பார்த்தார்கள். அணி முதலாளிகள் வெளியாட்களைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்திவிட்டார்கள். 24 நாளில் வேலைநிறுத்தம் முடிந்தது. கேட்டது கிடைக்கவில்லை. பிறகு 1989இல் ஒரு புதிய விதி வந்தது. ஒவ்வோர் அணியும் 37 பேரைத் தன் வசம் நிறுத்திக்கொள்ளலாம், மீதிப் பேர்தான் தாராளமாக வெளியே போகலாம் என்றார்கள். நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரும் அந்த 37க்குள் அடங்கிவிடுவார்கள் அல்லவா? யாருக்குத் தேவை இருக்கிறதோ அவருக்குத்தான் கதவு பூட்டு.

ஃப்ரீமன் மக்நீல் என்ற ஆட்டக்காரரும் இன்னும் சிலரும் வழக்குப் போட்டார்கள். 1992 செப்டம்பரில் மினியாபோலிஸ் நகரில் ஜூரி அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்து ரெஜி ஒயிட் பெயரில் எல்லா ஆட்டக்காரர்களுக்குமான வழக்கு வந்தது. 1993இல் சமரசம் ஏற்பட்டது. ஆட்டக்காரர்களுக்கு விரும்பிய அணிக்குப் போகும் உரிமை கிடைத்தது. அதற்கு ஈடாக முதலாளிகள் கேட்டு வாங்கியது சம்பள உச்சவரம்பு. அதே ஆண்டு ரெஜி ஒயிட் கிரீன் பே அணிக்கு 4 ஆண்டு, 1.7 கோடி டாலர் ஒப்பந்தத்தில் போனார்.

உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது 1994இல். முதல் ஆண்டின் எல்லை 3.46 கோடி டாலர். அந்த ஆண்டே அதன் மறுபக்கமும் தெரிந்தது. ஃபில் சிம்ஸ் என்பவர் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் 15 ஆண்டு இருந்தவர். 1987 ஜனவரியில் அந்த அணி சூப்பர் போல் இறுதிப்போட்டியை வென்றபோது ஆட்ட நாயகன் அவர்தான். 1993 பருவத்திலும் எல்லா ஆட்டத்திலும் ஆடி அணிக்கு 11 வெற்றி தேடித் தந்தார். தோளில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. வயது 38. 1994 ஜூனில் அணி அவரை விடுவித்துவிட்டது. உச்சவரம்பு அதற்கு முக்கியமான ஒரு காரணம். முன்பெல்லாம் மூத்த ஆட்டக்காரரை மரியாதைக்காக இன்னும் ஒரு வருடம் வைத்துக்கொள்ளலாம். இப்போது அந்த மரியாதைக்கும் கணக்கில் இடம் வேண்டும்.

செத்த பணம்

இனி மாணவர் கேட்ட கேள்விக்கு வருவோம். கரும்பலகைக் கணக்காகவே சொல்கிறேன்.

ஓர் ஆட்டக்காரர் 5 ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். கையெழுத்துக்கான போனஸாக 5 கோடி டாலர் உடனே அவர் கைக்கு வந்துவிடுகிறது. ஆனால் அணியின் உச்சவரம்புக் கணக்கில் அதை ஒரே ஆண்டில் எழுத வேண்டியதில்லை. ஆண்டுக்கு 1 கோடி வீதம் அதிகபட்சம் 5 ஆண்டுக்குப் பிரித்து எழுதலாம். ஆக, பணம் முன்னால் போகிறது, கணக்கு பின்னால் வருகிறது.

அவர் 2 ஆண்டு ஆடிவிட்டு ஓய்வு பெறுகிறார் என்று வையுங்கள். இன்னும் எழுதப்படாத 3 கோடி மிச்சம். ஆள் இல்லை, ஆனாலும் அந்த 3 கோடியை அணி எழுதியே ஆக வேண்டும். இதை அங்கே டெட் மணி என்கிறார்கள், செத்த பணம். ஜூன் 1க்கு முன்பு ஓய்வைப் பதிவு செய்தால் 3 கோடியும் அந்த ஆண்டிலேயே விழும். ஜூன் 1க்குப் பிறகு என்றால் அந்த ஆண்டில் 1 கோடி, அடுத்த ஆண்டில் 2 கோடி.

ஆகவே அது ஆடாதவருக்கு இப்போது கொடுக்கும் சம்பளம் இல்லை. ஆடிய காலத்தில் கொடுத்துவிட்டு எழுதாமல் தள்ளிவைத்த பாக்கி. அதைச் சுமப்பவர்கள் அடுத்த ஆண்டு அந்த அணியில் ஆடப்போகிறவர்கள்.

ட்ரூ பிரீஸ்

இதற்கு நல்ல உதாரணம் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியின் ட்ரூ பிரீஸ். 2005இல் கத்ரீனா சூறாவளி அந்த நகரத்தை மூழ்கடித்தது. அணியின் சூப்பர்டோம் மைதானமே வீடிழந்தவர்களின் புகலிடமானது. அந்தப் பருவம் முழுக்க அணி வெளியூர்களில் ஆடியது. அடுத்த ஆண்டு மார்ச்சில், தோள்பட்டையில் பெரிய காயத்தோடு இருந்த பிரீஸை நம்பி அந்த அணி எடுத்துக்கொண்டது. அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. 2010 பிப்ரவரியில் இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அணியை 31-17 என்று வென்று, செயின்ட்ஸ் தன் முதல் சூப்பர் போலைப் பெற்றது. பிரீஸ் ஓய்வு பெறும்போது அவர் எறிந்து எடுத்த தூரம் 80,358 கெஜம். அன்றைக்கு வேறு யாரும் அந்த அளவை எட்டியிருக்கவில்லை.

இத்தனை ஆண்டும் அவருக்கான பணத்தை அணி பின்னால் தள்ளித் தள்ளித்தான் கணக்கு எழுதியது. எல்லை ஆண்டுதோறும் உயர்கிறது, நாளைக்கு இடம் இருக்கும் என்ற நம்பிக்கை. ஆனால் கொரோனா வந்து மைதானங்கள் காலியாயின. 2020இல் 19.82 கோடி டாலராக இருந்த எல்லை 2021இல் 18.25 கோடியாக இறங்கிவிட்டது. பிரீஸுக்கும் 42 வயது ஆகியிருந்தது.

2021இல் அவர் பெயரில் கணக்கில் இருந்தது 3.615 கோடி. அதில் 2.5 கோடி அந்த ஆண்டுச் சம்பளம். 1.115 கோடி பழைய போனஸ் பாக்கி. 2022க்கும் அதற்கு அப்பாலும் சேர்த்து இன்னொரு 1.15 கோடி பாக்கி. மார்ச் நடுவில் புதிய ஆண்டு தொடங்கும்போது எல்லா அணியும் எல்லைக்குள் இருக்க வேண்டும். உடனே ஓய்வைப் பதிவு செய்தால் இரண்டு பாக்கியும் சேர்ந்து 2.265 கோடியாக 2021இல் விழும். ஜூன் வரை காத்திருந்தால் அந்த 2.5 கோடிச் சம்பளமும் அதுவரை கணக்கில் நிற்கும்.

பிப்ரவரியில் பிரீஸ் ஒரு தாளில் கையெழுத்திட்டார். 2.5 கோடிச் சம்பளத்தை 10.75 லட்சம் டாலராகக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தார். மூத்த ஆட்டக்காரர்களுக்கான குறைந்தபட்சச் சம்பளம் அதுதான். கிட்டத்தட்ட 2.4 கோடி இடம் அணிக்கு ஒரே நாளில் கிடைத்தது. மார்ச் 14 அன்று, அந்த அணியில் சேர்ந்து சரியாக 15 ஆண்டு நிறைந்த நாளில், தன் குழந்தைகள் பேசும் வீடியோ மூலம் ஓய்வை அறிவித்தார். ஊரே கண் கலங்கியது. ஆனால் அணியின் ஏட்டில் ஜூன் வரை அவர் பெயர் இருந்தது. பிறகு 2021இல் 1.115 கோடி, 2022இல் 1.15 கோடி என்று பாக்கி இரண்டாகப் பிரிந்தது.

அந்த 2.5 கோடியும் ஓய்வு பெறுபவருக்கு எப்படியும் வரப்போவதில்லை. அந்த வகையில் இது வெறும் காகித தியாகம் என்று நீங்கள் சொல்லலாம். ஓரளவு சரிதான். ஆனாலும், மனம் மாறி இன்னும் ஒரு வருடம் ஆடலாம் என்று தோன்றினால் அந்தப் பெரிய சம்பளம் இனி இல்லை. அந்தக் கதவைத் தானே சாத்திவிட்டுத்தான் போனார்.

அதே மார்ச்சில் இன்னொருவர்

பிரீஸ் விட்டுக்கொடுத்தும் இடம் போதவில்லை. அந்த அணி பலரைக் கழற்றிவிட்டது. அதில் ஒருவர் தாமஸ் மோர்ஸ்டெட். பன்ட்டர், அதாவது பந்தை நெடுந்தூரம் உதைத்து அனுப்புபவர். 12 ஆண்டு அதே அணி.

2010 சூப்பர் போலில் இடைவேளையின்போது செயின்ட்ஸ் 6-10 என்று பின்தங்கியிருந்தது. இரண்டாம் பாதி தொடங்கும்போது வழக்கம்போல் தூரமாக உதைக்காமல், எதிரணி எதிர்பாராத விதமாகப் பந்தைக் குறுக்கே உருட்டி உதைத்தது மோர்ஸ்டெட்தான். அன்றைக்கு அவர் முதல் வருட ஆட்டக்காரர். அந்தப் பந்தை செயின்ட்ஸ் ஆட்களே கைப்பற்றினார்கள். ஆட்டத்தின் போக்கே மாறியது. பிரீஸ் கோப்பையைத் தூக்கிய அந்த இரவில் இவர் காலுக்கும் பங்கு உண்டு.

2021 மார்ச்சில், பிரீஸ் ஓய்வை அறிவிப்பதற்குச் சில நாள் முன்பு, மோர்ஸ்டெட்டை அணி விடுவித்தது. மிச்சமானது சுமார் 25 லட்சம் டாலர். ஓய்வு பெறும் நாளை பிரீஸ் தேர்ந்தெடுத்தார். மோர்ஸ்டெட்டுக்கு நாள் குறித்தது கணக்கு. ஆனால் அவர் ஆட்டத்தை விடவில்லை. வேறு அணிகளுக்குப் போய்த் தொடர்ந்து ஆடினார்.

மற்றவர்கள் எப்படிப் பிரிந்தார்கள்?

எல்லாப் பிரிவும் சுமுகமாக நடக்கவில்லை. 1999இல் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் பேரி சாண்டர்ஸ், பெரிய சாதனை ஒன்றை எட்ட 1,457 கெஜம் மட்டுமே இருந்த நிலையில் திடீரென்று ஓய்வு பெற்றார். அவர் வாங்கியிருந்த 1.1 கோடி போனஸில் பாதியைத் திருப்பித் தரச் சொல்லி அணி போராடியது. நடுவர் வரை விவகாரம் போய், அவர் பணம் திருப்பிக் கட்ட நேர்ந்தது. மாறாக, 2019இல் காயங்களால் மனம் வெறுத்து 29 வயதிலேயே ஓய்வு பெற்ற ஆண்ட்ரூ லக்கிடம் கோல்ட்ஸ் அணி சுமார் 2.48 கோடி திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. விதி ஒன்றுதான், அதைப் பயன்படுத்தும் மனிதர்கள் வேறு.

டாம் பிரேடியின் கதையையும் சொல்ல வேண்டும். டாம்பா பே அணிக்கு 2021 பிப்ரவரியில் சூப்பர் போல் வென்று கொடுத்தார். அந்த இறுதிப்போட்டியில் தொடக்கத்தில் ஆடிய 22 பேரையும் அடுத்த ஆண்டு அணி தக்கவைத்துக்கொண்டது. எப்படி? யாரும் ஆடப்போவதில்லை என்று இரு தரப்புக்கும் தெரிந்த ஆண்டுகளைக்கூட ஒப்பந்தங்களில் எழுதி, கணக்கை அந்த வெற்று ஆண்டுகளுக்குத் தள்ளினார்கள். 2023 பிப்ரவரியில் பிரேடி ஓய்வு பெற்றபோது 3.51 கோடி செத்த பணம் வந்து நின்றது. டாம்பா பே அதைப் பிரிக்கவில்லை. ஒரே ஆண்டில் முழுவதையும் எழுதியது. வேறு அணிகள் கைவிட்ட பேக்கர் மேஃபீல்டைச் சிக்கனமான ஓராண்டு ஒப்பந்தத்தில் கொண்டுவந்தது. 9 வெற்றி, 8 தோல்வி என்று தன் பிரிவில் முதலிடம் பெற்று, பிளேஆஃபில் ஓர் ஆட்டமும் வென்றது.

செயின்ட்ஸ் பாக்கியைத் தள்ளும் பழக்கத்தை விடவில்லை. 2021 முதல் 2024 வரை நான்கு பருவத்திலும் பிளேஆஃபை எட்டவில்லை. பயிற்சியாளரும் விலகினார், நல்ல குவார்ட்டர்பேக்கும் அமையவில்லை. எனவே கணக்கு ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழைய பாக்கி கையைக் கட்டிப்போட்டது என்பது நிச்சயம்.

எனக்கு இதில் தோன்றுவது ஒன்றுதான். உச்சவரம்பைக் கெட்டது என்று நான் சொல்லவில்லை. விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமைக்காக ஆட்டக்காரர்கள் தெரிந்தே கொடுத்த விலை அது. ஆனால் பெரியவர்களின் வெற்றிக்காக வாங்கிய கடனில் ஒரு பகுதி எப்போதும் சிறியவர் ஒருவரின் பெயரில் வந்து விழுகிறது. பெரிய பெயர் ஒன்று விடைபெறும்போது பொன்னாடையையும் கண்ணீரையும் பாருங்கள், தவறில்லை. அதே மாதம் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் நீங்கிய பெயர் எது என்றும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

கடைசியாக, பழக்க தோஷம், ஒரு வீட்டுப்பாடம். 5 ஆண்டு ஒப்பந்தம், 6 கோடி டாலர் போனஸ். 3 ஆண்டு ஆடிவிட்டு, நான்காம் ஆண்டு ஜூன் 1க்குப் பிறகு ஓய்வு. எந்த ஆண்டில் எவ்வளவு செத்த பணம்? விடையைக் கீழே எழுதுங்கள். கால்குலேட்டர் வேண்டாம், மனக்கணக்குதான்!