ஞாயிறு லீவில்லாத காலம்

ஆங்கிலப் பாடத்தில் விடுமுறைச் சொற்கள் வந்தால் சின்னப் பிள்ளைகளுக்கு நாம் முதலில் எழுதிக் கொடுப்பது “சண்டே இஸ் எ ஹொலிடே”. நம் மூத்தவர்கள் சிலர் படித்த காலத்தில் இந்த வசனம் பிழை!

1965ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டத்தால் 1966இலிருந்து இலங்கையில் ஞாயிறு வேலை நாளாகியது. அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அரைப்பிறை என மாதத்தில் நான்கு போயா நாட்களே வார விடுமுறை. முந்தின நாள் அரை நாள் வேலை. சில வாரம் ஏழு நாளைத் தாண்டியது. வெளிநாடுகளோடு வியாபாரம் செய்தவர்களுக்குத் தலையிடி. 1971இல் ஞாயிறு திரும்ப வந்தது. பௌர்ணமிப் போயா மட்டும் லீவாகத் தங்கியது.

கலண்டரால் வரும் குழப்பம் இன்றும் உண்டு. நம் பிள்ளைகள் “ரமழான் இஸ் எ ஹொலிடே” என்று எழுதுகிறார்கள். நோன்பு மாதம் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை. அரச கலண்டரிலும் நோன்புப் பெருநாளுக்கு ‘ரமழான் பெஸ்டிவல் டே’ என்றுதான் பெயர். நாமும் சரி போட்டு விடுகிறோம். வாசிக்கும் பிற சமூகத்தவர் நோன்பையே கொண்டாட்டம் என்று நினைத்தால் பிள்ளையிலா பிழை? இப்போது நோன்பை ‘ஃபாஸ்டிங்’ என்றும், பாடசாலை மூடுவதை ‘வெகேஷன்’ என்றும், பெருநாளை ‘ஹொலிடே’ என்றும் வேறாக்கிப் படிப்பிக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் போன வாப்பாமார், உம்மாமார் ஊரில் இருக்கிறீர்களா? ஒரு நாள் வகுப்புக்கு வாருங்கள்.