உடற்கூறியல் ஓவியம்: தமிழர் உடல் தேடிய வரலாறு

மனித உடலின் உறுப்புகளை மருத்துவம் கற்போருக்குக் காட்ட வரையப்படுவது உடற்கூறியல் ஓவியம். நோயின் தோற்றத்தை வரையும் மருத்துவ ஓவியம் அதன் நெருங்கிய உறவு. இரண்டாவதற்குத் தஞ்சையில் அருமையான சான்று இருக்கிறது. 1798 முதல் 1832 வரை அரசராக இருந்த இரண்டாம் சரபோஜி காலத்தில், கண் சிகிச்சைக்கு வந்தவர்களின் நோய்க்குறிப்போடு கண்களையும் வண்ணத்தில் வரைந்து வைத்தார்கள். சரசுவதி மகால் நூலகம் காத்துவரும் அந்தத் தாள்களில் இருப்பவை நம் மக்களின் கண்கள்.

ஆனால் உலகம் முழுக்கப் பரவியது லண்டனில் வரையப்பட்ட உடல். 1858இல் வெளியான ஹென்றி கிரேயின் உடற்கூறியல் நூலுக்கு 363 படங்கள். வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் கிறீன், அந்நூலை 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று தமிழாக்கினார். பெரும் பணி அது.

கார்ட்டரோ 1858இலேயே பம்பாய்க்கு வந்துவிட்டார். இங்கே அவர் கவனத்தை ஈர்த்தது, வெறுங்காலோடு வயலில் உழைப்பவர்களின் பாதம் வீங்கிச் சீழ்வைக்கும் நோய். 1840களில் மதுரையில் பதிவானதால் அதற்கு ‘மதுரைக் கால்’ என்று பெயர். அது பூஞ்சையால் வருவது என்று 1860இல் எழுதிய கார்ட்டர், 1874இல் படங்களோடு தனி நூலே வெளியிட்டார். லண்டன் பிணவறையில் தேர்ந்த கை, இந்திய உழவரின் காலை வரைந்தபோதுதான் மருத்துவத்துக்குப் புதிதாக ஒன்றைச் சேர்த்தது என்றே சொல்லலாம்.

யாருடைய உடலைப் பார்த்து வரைகிறோம் என்பது இன்றும் முக்கியம். எலும்பும் தசையும் எல்லோருக்கும் ஒன்றுதான். தோல் அப்படியல்ல. வெள்ளைத் தோலில் சிவந்து தெரியும் தடிப்பு, கருத்த தோலில் ஊதாவாகவோ பழுப்பாகவோ தெரியும். சிலருக்குக் கண்ணுக்கே எளிதில் படாது. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரிக்கு வரும் நெல்வயல் தொழிலாளியையும் ஜவ்வாது மலைவாசியையும் சோதிக்கும் மாணவருக்கு, சிவந்த தடிப்பின் படம் மட்டும் போதாது.

பாடநூல்களின் நிலையை 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கிரேயின் மாணவர் பதிப்பு உட்பட நான்கு நூல்களின் 4,146 படங்களில் கருத்த தோல் கொண்டவை 4.5 விழுக்காடு மட்டுமே. லண்டன் மாணவர் மலோன் முக்வெண்டே 2020இல், கருத்த, மாநிறத் தோலில் நோய்க்குறிகளைக் காட்டும் கையேட்டை இணைந்து உருவாக்கினார். மறு ஆண்டில் நைஜீரியாவின் சிடியெபெரே இபே வரைந்த, கருப்பைக்குள் இருக்கும் கருப்பினச் சிசுவின் படம் உலகெங்கும் பகிரப்பட்டது. தமிழர் தோலுக்கென்று அப்படியொரு படத்தொகுப்பை நம் மருத்துவக் கல்லூரிகள், நோயாளிகளின் சம்மதத்தோடு, வரையத் தொடங்க வேண்டும்.